'வெறும் கேஸ்' என்று விட்டுவிடாதீர்கள்: பித்தப்பைக் கல்லும் அதன் சொந்தபந்தங்களும்

(நமது சங்கத்தின் உடல்நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோதே ஒன்றைச் சொல்லிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவன். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. அதனால் டாக்டர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை மாஸ்டர் ஹெல்த் செக்கப் போகிறோம். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பித்தப்பையில் கல்' என்று ஒரு வரி வருகிறது. அதைப் பார்த்ததும் சிலர் பயந்துபோய் அடுத்த வாரமே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறார்கள். வேறு சிலரோ மாதக்கணக்கில் வலி வந்தும் 'வெறும் கேஸ்' என்று சொல்லி மாத்திரை போட்டே காலத்தைக் கடத்துகிறார்கள். முதலாமவர் அவசரப்படுகிறார், இரண்டாமவர் தாமதிக்கிறார். எப்போது விட்டுவிடலாம், எப்போது விடக் கூடாது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

பித்தப்பை என்ன வேலை செய்கிறது?

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, கல்லீரலின் அடியில் பேரிக்காய் வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பை அது. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. தான். ஒரு காபி டம்ளரில் பாதிகூட வராது. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பித்தப்பை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாடு குடலுக்குள் வந்ததும் பை சுருங்கி, பித்தநீரைக் குழாய் வழியாகக் குடலுக்குள் விடுகிறது. கொழுப்பு செரிக்க அது வேண்டும்.

பித்தநீரில் கொலஸ்ட்ரால், பித்த உப்பு, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி எல்லாம் கலந்திருக்கின்றன. கலவையின் கணக்கு சரியாக இருக்கும்வரை எல்லாம் கரைந்தே இருக்கும். கொலஸ்ட்ரால் அதிகமானாலோ, நிறமி அதிகமானாலோ, பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கினாலோ முதலில் வண்டல் சேரும், பிறகு அது கல்லாகும். மேலை நாடுகளில் கொலஸ்ட்ரால் கற்களே பெரும்பான்மை. நம் தென்னிந்தியப் பகுதியில் நிறமிக் கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பித்தப்பைக் கல் வேறு, சிறுநீரகக் கல் வேறு. பெயரில் 'கல்' இருப்பதால் நம்மில் பலர் இரண்டுக்கும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறோம். சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் உப்பு. நிறையத் தண்ணீர் குடித்தால் சின்னக் கல் சிறுநீரோடு வெளியேறலாம். பித்தப்பை அந்தப் பாதையிலேயே இல்லை. வாழைத்தண்டு நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது பித்தப்பைக் கல்லைக் கரைக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

கல்லின் சொந்தபந்தங்கள்

பித்தப்பைக் கல் தனி நோய் போலத் தெரியும். ஆனால் உடம்பில் நடக்கும் பல விஷயங்களோடு அதற்கு உறவு உண்டு. வங்கியில் ஒரு கணக்கைத் திறந்து பார்த்தால் அதிலிருந்து ஐந்தாறு கணக்குக்குப் பணம் போய் வந்துகொண்டிருக்குமே, அதுபோல.

முதலில் உடல் எடை. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு அதிகம். இது எல்லோருக்கும் தெரியும். எடையை வேகமாகக் குறைத்தாலும் கல் வரும் என்பது பலருக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறையும்போது, கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் கொட்டுகிறது. சாப்பாடு குறைவதால் பையும் சரியாகச் சுருங்குவதில்லை. எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதல் சில மாதங்களுக்கு அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரையை டாக்டர்கள் எழுதித் தருவது இதனால்தான். நாள் கணக்கில் பட்டினி இருந்து எடை குறைப்பவர்களும் இதை நினைவில் வையுங்கள். எடை குறைய வேண்டும், ஆனால் நிதானமாகக் குறைய வேண்டும்.

இப்போது பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகளையும் சொல்ல வேண்டும். செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்றவை. சர்க்கரைக்கும் எடைக்கும் கொடுக்கப்படும் இந்த மருந்துகளில் பித்தப்பைப் பிரச்சினை வரலாம் என்ற எச்சரிக்கை மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அதற்காக மருந்து கெட்டது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே கல் இருப்பவர் ஊசியைத் தொடங்கும் முன் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி போடும் காலத்தில் வலது மேல் வயிற்றில் வலி வந்தால், 'மருந்தால் வரும் குமட்டல்தான்' என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது சர்க்கரை நோய். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கல் அதிகம் வருகிறது. பித்தப்பையில் தொற்று ஏற்பட்டால் அவர்களுக்கு அது கடுமையாகவும் முடியலாம், பையின் சுவரே அழுகிப்போகும் அளவுக்குக்கூடப் போகலாம். இன்னொரு சிக்கல், நீண்ட நாள் சர்க்கரை நரம்பைப் பாதிப்பதால் சிலருக்கு வலி மங்கலாகத்தான் தெரியும். உள்ளே நடப்பது பெரிதாக இருக்கும், வெளியே தெரிவது லேசான உறுத்தலாக இருக்கும்.

மூன்றாவது, ரத்தம் சம்பந்தப்பட்டவை. தலசீமியா, சிக்கிள் செல் போன்ற நோய்களில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்துகொண்டே இருக்கும். அவற்றிலிருந்து வரும் நிறமி சேர்ந்து கல்லாகும். சின்ன வயதுப் பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனையும் எழுதுவது அதனால்தான். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கும் நிறமிக் கல் வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதி நோயால் பாதிக்கப்பட்டாலோ, ஆபரேஷனில் எடுக்கப்பட்டாலோ பித்த உப்பு திரும்ப உறிஞ்சப்படாமல் வீணாகி, கல் வரும் வாய்ப்புக் கூடும்.

பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. கர்ப்பகாலத்தில் பை மந்தமாகச் சுருங்குகிறது. கருத்தடை மாத்திரையும், மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும். உங்கள் மகளோ மருமகளோ பிரசவத்துக்குப் பிறகு 'சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே வலிக்குது' என்று அடிக்கடி சொன்னால், பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லாமல் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மருந்துகளில் இன்னும் இரண்டு. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடைக் குறைக்கக் கொடுக்கும் ஃபைப்ரேட் வகை மாத்திரை கல் வாய்ப்பைக் கூட்டலாம். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி சிலருக்குப் பித்தப்பையில் வண்டல் சேர்க்கும். ஸ்கேனில் அது கல் போலவே தெரியும், ஊசியை நிறுத்திய பிறகு பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். சமீபத்தில் இந்த ஊசி போட்டிருந்தால் ஸ்கேன் பார்க்கும் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஒரே குடும்பம், இரண்டு முடிவு

பித்தப்பைக் கல் குடும்பத்தில் தொடர்ந்தும் வருவதுண்டு. எனக்கும் என் அக்காவுக்கும் வந்தது. எனக்கு நான்கு வருடம் முன்பு ப்ராஸ்டேட்டுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாக 9 மி.மீ. கல் ஒன்று தெரிந்தது. வலி எதுவும் இல்லை. சர்ஜன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சார், அது உங்களைத் தொந்தரவு பண்ணாதவரைக்கும் நீங்களும் அதைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். இன்றுவரை அது அங்கேயே இருக்கிறது.

அக்கா கும்பகோணத்தில் இருக்கிறார். 71 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. எட்டு மாதமாக, கல்யாணச் சாப்பாடோ பண்டிகைச் சாப்பாடோ சாப்பிட்ட இரவெல்லாம் மேல் வயிற்றில் வலி. போனில் கேட்டால், "வாயுடா தம்பி, பெருங்காயம் போட்டு மோர் குடிச்சா சரியாயிடும்" என்பார். மருந்துக் கடையில் கேட்டு அசிடிட்டி மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் நடுங்க நடுங்கக் காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனது. பித்தப்பையிலிருந்த கல் ஒன்று நழுவி வந்து பொதுப் பித்தக் குழாயை அடைத்துவிட்டது. தேங்கிய பித்தநீரில் தொற்று ஏற்பட்டு ரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப் குழாயை விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள். சில நாள் கழித்து, அதே அட்மிஷனில் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். 11 நாள் ஆஸ்பத்திரி. நான்தான் அட்டெண்டர். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் முதல் இரண்டு நாள் டாக்டர்கள் எங்களிடம் உறுதியாக எதையும் சொல்லவில்லை.

எனக்கும் கல்தான், அக்காவுக்கும் கல்தான். எனக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள், அக்காவுக்கு உயிர் போகும் நிலை. வித்தியாசம் கல்லின் அளவில் இல்லை. என் கல் பேசவில்லை, அக்காவின் கல் எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தது.

கல் எப்படிப் பேசும்?

கல் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவு வருவதே இல்லை. அமைதியாக இருக்கும் கல் தொந்தரவு தரத் தொடங்குவது ஆண்டுக்கு 100 பேரில் ஒருவர் முதல் நான்கு பேருக்குத்தான். ஆகவே வலியே இல்லாதவருக்கு, சர்க்கரை இருந்தாலும்கூட, பொதுவாக ஆபரேஷன் சொல்வதில்லை. விதிவிலக்குகள் உண்டு. கல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால், கூடவே 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப் இருந்தால், புற்றுநோய் அபாயத்தை எண்ணி எடுத்துவிடச் சொல்வார்கள். நம் நாட்டில் பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில் அதிகம், தெற்கே குறைவு.

ஒரு முறை வலிக்கத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அந்த வலி மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அது நடு மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ வரும். வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகோ நடு இரவிலோ வந்து, அரை மணி முதல் சில மணி நேரம் இருந்துவிட்டு விட்டுப்போகும். ஏப்பம் விட்டாலோ, மலம் போனாலோ குறையாது. உண்மையான வாயுத் தொல்லை இப்படி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது அபூர்வம்.

கீழே சொல்பவை வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்:

1. ஐந்தாறு மணி நேரமாகியும் வலி விடவில்லை, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பித்தப்பை அழற்சியாக இருக்கலாம்.

2. வலி, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்து வந்தது. குழாய் அடைத்துத் தொற்று ஏற்பட்டதன் அடையாளம். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி தேடிப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. குழாயில் கல் அடைத்து வரும் காமாலைக்கு அடைப்பை எடுத்தால்தான் வழி.

3. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி முதுகுக்குப் பாய்கிறது, விடாத வாந்தி. கணையம் பாதிக்கப்பட்டிருக்கலாம். கணைய அழற்சிக்கு மிக முக்கியமான இரண்டு காரணங்களில் ஒன்று மது, இன்னொன்று பித்தப்பைக் கல். மதுவைத் தொடாதவர்களுக்கும் இது வருவது இப்படித்தான்.

4. மேல் வயிற்று வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், படபடப்பு. இது இதயமாகவும் இருக்கலாம். மாரடைப்பும் சில சமயம் வயிற்று வலி போலவே வரும். ஏற்கெனவே கல் இருப்பது தெரிந்தவர்கள்கூட 'கல் வலிதான்' என்று முடிவு கட்டாமல் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

சிகிச்சையைப் பற்றி

பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிக்கச் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே சிறந்தது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் போக வேண்டும். செலவு அதிகமான சி.டி. ஸ்கேனில் சில கற்கள் தெரியாமலே போகும். குழாயில் கல் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் கேட்பார்கள்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். பை இருந்தால் கல் மறுபடியும் வரும். கரைக்கும் மாத்திரை சிறிய கொலஸ்ட்ரால் கல்லுக்குத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்திய சில ஆண்டுகளில் பாதிப் பேருக்குக் கல் திரும்புகிறது. நிறமிக் கல்லுக்கு அது பயன்படாது. ஆகவே தொந்தரவு தரும் கல்லுக்குப் பையையே எடுப்பதுதான் நிலையான தீர்வு. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற சர்ஜன் முதன்முதலாக இதைச் செய்தார். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மியூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தார். 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். இன்று சாதாரண நிலையில் நான்கு சிறு துளைகள், ஓரிரு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அழற்சி அதிகமாக இருந்தால் நடுவில் வயிற்றைத் திறக்க நேரலாம். வலி முற்றும் முன் செய்துகொள்வது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பை போன பிறகும் கல்லீரல் பித்தநீர் சுரக்கும், அது நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில வாரம் வயிற்றுப்போக்கு இருக்கும். பெரும்பாலானோர் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அக்கா இப்போது அடை அவியல் சாப்பிடுகிறார்.

ஆபரேஷனுக்கு முன் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரை மாத்திரைகள், எடைக் குறைப்பு ஊசி எதையும் விடாதீர்கள். சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எப்போது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸப்பில் அடிக்கடி ஒரு வைத்தியம் வருகிறது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வந்துவிடுமாம். 2005-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் அப்படி வந்த 'கற்களை'ச் சோதித்து, மருத்துவ இதழான லான்செட்டில் எழுதினார்கள். அவை கல்லே இல்லை. குடித்த எண்ணெயும் எலுமிச்சையும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டான சோப்பு உருண்டைகள். அவ்வளவு எண்ணெயை ஒரேயடியாகக் குடித்தால் பை பலமாகச் சுருங்கி, உண்மையான கல் குழாயில் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

கடைசியாக, காகித வேலை

பழைய தொழில் புத்தி, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் உண்டு. அக்காவின் மகன் எடுத்த பாலிசிக்கு 14 மாதம்தான் ஆகியிருந்தது. கிளெய்ம் மறுக்கப்பட்டது. பில் இரண்டே கால் லட்சம், முழுவதும் கையிலிருந்து போனது. நிபந்தனை பாலிசியில் அச்சிட்டுத்தான் இருந்தது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள், விட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கக்கூடும். ஸ்கேனில் கல் தெரிந்த பிறகு புதுப் பாலிசி எடுத்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். அதில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைப் பட்டியல், பாலிசி நகல் மூன்றும் இருக்கட்டும். ஃபைலின் மேல் அட்டையிலேயே 'பித்தப்பையில் கல் உண்டு, 9 மி.மீ.' என்பது போல ஒரு வரி எழுதி வையுங்கள். சர்க்கரை டாக்டர், இதய டாக்டர், மகப்பேறு டாக்டர் யாரிடம் போனாலும் அந்த வரி அவர் கண்ணில் படட்டும்.

கல் அமைதியாக இருந்தால் நீங்களும் அமைதியாக இருங்கள். வலித்தால் சர்ஜனைப் பாருங்கள். காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தயங்காதீர்கள். அதற்குத்தானே ஒரே கட்டடத்தில் இத்தனை பேர் சேர்ந்து இருக்கிறோம்.